ஆண்டுக் கணக்கும் ஆற்றற் கணக்கும்: தொழிலறிஞர் ஜி. டி. நாயுடு

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் மறைந்த சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதி வைப்பது நம்மிடையே நல்வழக்கமாகிவிட்டது. புலவர்களையும் நாட்டுத் தொண்டர்களையுமே பெரிதும் நாடிச் சென்ற நாம், இம்முறை பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் நிலைக்காத ஒருவரை நாடுகின்றோம். கோவை ஜி. டி. நாயுடு என்றதும் நம் இல்லங்களில் முதியோர் கூறத் தொடங்குவன வியப்புக் கதைகளே. சவரக் கருவி செய்தவர், ஒரே பகலில் வீடு கட்டிக் காட்டியவர், பருத்தியையும் பப்பாளியையும் புதுமையாக வளர்த்தவர் என்று அடுக்குவர். அவை யாவும் சுவை மிக்கவையே. எனினும் அன்னார் வாழ்வில் ஓர் அத்தியாயம் அக்கதைகளின் அடியில் மறைந்து கிடக்கின்றது. அவர் ஒரு கல்லூரியின் முதல்வராக அமர்ந்ததும், அமர்ந்த சின்னாளில் அந்த நாற்காலியை விட்டெழுந்ததுமே அது.

அதனை இப்போது எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பெங்களூரில் நம் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் சென்று பயிலும் பள்ளிகளில் திறன்வழிக் கல்வி என்னும் தொடர் அடிக்கடி செவியில் விழுகின்றது. தலைமையாசிரியர்கள் பெற்றோரைக் கூட்டி வைத்து, இனிமேல் பிள்ளை எத்தனை பக்கம் ஒப்பித்தான் என்று பார்க்கப்போவதில்லை, கற்றதைக் கொண்டு என்ன செய்ய வல்லவனானான் என்றே பார்க்கப்போகின்றோம் என்று விளக்குகின்றனர். கூட்டம் முடிந்து வெளியே வரும் பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்வது வேறு. மதிப்பெண் என்னவாகும்? மேற்படிப்புக்கு இடம் கிடைக்குமா? புதுமை என்று சொல்லி நம் பிள்ளையின் ஓராண்டைப் பாழாக்கிவிடுவார்களோ? இவ்வச்சத்தை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் சான்றிதழே நிலபுலன்.

கோயம்புத்தூருக்கு அணித்தாயுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளி அவருக்கு எட்டிக்காயாய்க் கசந்தது. ஆசிரியர்மீது மணலை வாரி இறைத்துவிட்டு ஓடினார், பள்ளியினின்றும் நீக்கப்பட்டார் என்பது அவர் வரலாற்றை எழுதுவோர் எவரும் விடாமற் கூறும் செய்தி. பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அஞ்சுவர். பிள்ளைகளோ இதனை மட்டும் நன்றாக நினைவில் வைப்பர்!

மணல் என்றதும் நமக்கு மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தை முதலில் எழுதியது மணலிலேதான். மணலில் விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். எத்தனை மாதம் ஆயிற்று என்று எவரும் எண்ணுவதில்லை. எழுத்து நன்கு படிந்துவிட்டதா என்பதே ஆசான் பார்ப்பது. விரைந்து கற்றவன் மேலே சென்றான். மெல்லக் கற்றவன் தன் போக்கில் கற்றான். முன்னே சென்றவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்னே வருவோருக்குக் கற்பித்தான். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்து வெற்றி கண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் அது சென்னை முறை என்னும் பெயரோடு கடல் கடந்து பரவிற்று. திண்ணைப் பள்ளியில் பிரம்படியும் கோதண்டமும் பொருள் விளங்கா மனப்பாடமும் மலிந்திருந்தன என்பதை மறுக்கவொண்ணாது; எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் அதன் வாயில் திறந்திருந்ததுமில்லை. ஆயினும் ஒருவன் ஆற்றல் பெற்ற பின்னரே அடுத்த படி என்னும் ஒழுங்கு அங்கே இருந்தது. வயதுக்கொரு வகுப்பு, ஆண்டுக்கொரு தேர்வு என்பது பின்னாளில் வந்த ஏற்பாடு. இன்று நாம் மரபுவழிப் பள்ளி என்று சொல்வது உண்மையில் இந்தப் பிற்கால ஏற்பாட்டையே.

பள்ளி விட்ட சிறுவன் வயலில் உழைத்துக்கொண்டிருந்த நாளில், வருவாய்த் துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் இன்றிக் குதிரையும் இன்றி ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞருக்கு அதன்மீது அடங்காத வேட்கை பிறந்தது. வீட்டில் கேட்டாற் கிடைக்கக் கூடிய பொருளா அது? கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். ஆண்டுக் கணக்கில் பணம் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் ரட்ஜ் என்னும் பெயருடைய வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. அவர் அதனைத் திருகு திருகாகக் கழற்றினார்; மீண்டும் பூட்டினார். மீண்டும் கழற்றினார்.

ஒரு பொறியைக் கழற்றிப் பூட்டுவதில் என்ன கல்வி இருக்கின்றது என்று கேட்பார் உளர். கழற்றிய உறுப்புகளைத் தரையில் விரித்து வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டும்போது ஓர் உறுப்பு மிஞ்சினால், அங்கே ஆசிரியர் வந்து பிழை என்று சொல்ல வேண்டுவதில்லை. வண்டியே ஓடாமல் நின்று சொல்லிவிடும். நூற்றுக்கு எண்பது மதிப்பெண் என்னும் பேச்சு அங்கில்லை. நூறு உறுப்பில் எண்பதைச் சரியாகப் பூட்டிய வண்டி ஓடாது. நாயுடு பெற்ற முதற்கல்வி இத்தகையது. தேர்வு நாள் குறிக்கப்படவில்லை. முடியும் வரையில் முயல வேண்டும், முடிந்தால் தேர்ச்சி. தம் வாழ்நாள் முழுதும் பிறருக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி அவர் எண்ணியதெல்லாம் இந்த மோட்டார் சைக்கிளிலிருந்து பிறந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

அதன்பின் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பொருள் குவிந்தது. பம்பாய்ப் பஞ்சு வாணிகத்தில் குவிந்தது கரைந்தது. கோவையில் காப்பித் தொழிலும் பிற தொழில்களும் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலப் பெருமகன் கடன் உதவ, 1920இல் ஒரு மோட்டார் வண்டியை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டி பலவாயிற்று. யுனைடெட் அன்று, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பது நிறுவனத்தின் பெயர், யு. எம். எஸ். என்றாலே கொங்கு நாட்டார் அறிவர். பேருந்துகளைப் பழுது பார்க்கப் பட்டறை, பட்டறையிலிருந்து பொறிகள் செய்யும் தொழிற்கூடம் என்று வளர்ந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் 1937இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதே. கோவை வட்டாரத்துக் கிணறுகளில் ஏற்றம் ஓய்ந்து பம்புசெட்டு ஒலிக்கத் தொடங்கியதற்கு அம்மோட்டாரும் ஒரு வித்து.

அவர் அயல்நாடுகளுக்குப் பன்முறை சென்றவர். 1936இல் இலண்டனில் ஐந்தாம் சார்ச்சு மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமெடுத்தார். செருமனியின் தொழிற்கூடங்களில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. உலர் மின்கலத்தால் இயங்கும் ரேசன்ட் என்னும் சவரக் கருவி, மெல்லிய சவரத் தகடு, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவுக் கருவி என்று அவர் படைத்தவற்றின் பட்டியல் நீண்டது. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தரத் தம்மால் இயலும் என்று அறிவித்தார். இவற்றையெல்லாம் விரித்தால் மலர் கொள்ளாது. கோவைக் காட்சிச் சாலையிற் சென்று காண்பதே தக்கது.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். 1944இல் தம் மோட்டார் நிறுவனப் பொறுப்புகளினின்றும் விலகிய நாயுடு அவர்கள் பெரும்பொருளைக் கல்விக்கும் தொழிலாளர் நலத்துக்கும் ஒதுக்கினார். அவருடைய கொடையாலும் முயற்சியாலும் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அப்போது சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் அவர்களின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. 1945இல் அக்கல்லூரிக்கு நாயுடுவே முதல்வரானார். பட்டம் பெற்ற பேராசிரியர்களுக்கு மேலே, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் முதல்வர்! இக்காலத்தில் அவருடைய விண்ணப்பத்தை எழுத்தர் மேசையிலேயே திருப்பி அனுப்பியிருப்பர்.

முதல்வராக அமர்ந்தவர் முதலிற் கண்டது பாடத்திட்டத்தின் கால அளவை. பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டு வகுக்கப்பட்டிருந்தது. மாணவர்களின் காலம் இதில் வீணாகின்றது, இதே கல்வியை ஈராண்டில் முடிக்கலாம் என்பது அவர் துணிபு. புதிய பாடப்பிரிவுகள் சிலவற்றையும் அவர் வகுத்துக் காட்டினார். அரசாங்கம் இசையவில்லை. இசையாத அரசின்கீழ்த் தம் மனத்துக்கு ஒவ்வாத முறையை நடத்திச் செல்ல அவர் விரும்பவில்லை. பதவியை விட்டு விலகினார். நடந்தது இவ்வளவே. ஆனால் இவ்வளவுக்குள் அடங்கிக் கிடக்கும் வழக்கு மிகப் பெரியது.

அரசினர் ஏன் இசையவில்லை? அவர்கள் எல்லோரும் அறிவிலிகள் என்று சொல்லிவிட்டால் கட்டுரை எளிதில் முடிந்துவிடும், அது நேர்மையாகாது. பட்டம் என்பது ஒரு கல்லூரிக்குள் மட்டும் செல்லும் நாணயம் அன்று. கோவையில் பெற்ற பட்டத்தைக் கல்கத்தாவிலும் இலண்டனிலும் மதிக்க வேண்டுமாயின், இரண்டிடத்தும் ஒரே அளவுகோல் வேண்டும். ஆற்றலை அளப்பது கடினம், காலத்தை அளப்பது எளிது; ஆதலின் உலகமெங்கும் கல்வி நிலையங்கள் காலத்தையே அளவுகோலாகக் கொண்டன. அமெரிக்க நாட்டில் 1906ஆம் ஆண்டளவில் கார்னகி அறக்கட்டளை ஒன்று ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 120 மணி நேரம் என்னும் அலகை வகுத்ததும் இத்தகைய தேவையாலேயே. வகுப்பில் இத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தான் என்பதற்குச் சான்று வருகைப் பதிவேட்டில் உண்டு. அவன் கற்றான் என்பதற்குச் சான்று எங்கே? அதைத் தேட எவரும் முனையவில்லை. நாளடைவில் அளவுகோலே பொருளாகிவிட்டது. நெல்லை அளக்க வந்த மரக்காலையே நெல் என்று கருதினாற்போல.

அயல்நாடுகளில் இதற்கு மாற்று இல்லாமற்போகவில்லை. செருமனியின் மியூனிக் நகரப் பள்ளிகளுக்கு 1895 முதல் 1919 வரை தலைவராயிருந்த கெர்சன்ஸ்டைனர் என்பவர், தொழில் பயிலும் இளைஞர் படிக்கும் தொடர்நிலைப் பள்ளிகளில் வெறும் பாட நூலை ஒதுக்கித் தொழிலுக்கொரு பட்டறையை அமைத்தார். தச்சனுக்கு மரத்தின் வழியாகக் கணக்கு. ரொட்டி சுடுவோனுக்கு மாவின் வழியாக வேதியியல். அவர் நகராட்சியின் கல்வித் தலைவராதலின் தம் கருத்தைப் பல்லாண்டு நின்று நிறைவேற்ற இயன்றது. கோவையில் நாயுடு அவர்களுக்கு அத்தகைய அதிகாரமும் இல்லை, அவ்வளவு பொறுமையும் இல்லை.

இங்கே நம் கருத்தை ஒளிக்காமல் உரைப்போம். நாயுடு எழுப்பிய வினா முற்றிலும் சரியானது. அவர் அளித்த விடையில் மட்டும் நமக்கு ஐயம் உண்டு. நான்கு ஆண்டு வேண்டா, ஈராண்டு போதும் என்பதும் ஆண்டுக் கணக்கே அன்றோ? பட்டறையில் வளர்ந்த ஒருவனுக்கு ஈராண்டும் மிகை. கணிதத்தில் அடித்தளம் இல்லாமல் வந்த மற்றொருவனுக்கு ஐந்தாண்டும் குறை. ஒரு பாலத்தின் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கழற்றிப் பூட்டிக் கற்க இயலாது. அதற்குக் கணக்கும் இயற்பியலும் ஊன்றிப் படிக்க வேண்டும், அப்படிப்பு மெல்லவே ஊறும். மோட்டார் சைக்கிளைப் போல எல்லாப் பொருளும் பிழையை உடனே சொல்லிவிடுவதில்லை. பாலம் பத்தாண்டு கழித்துச் சொல்லும். ஆகவே ஆண்டைக் குறைப்பதற்கு முன்னே, ஆற்றலை நேர்மையாக அளக்கும் வழியை நிறுவுதல் வேண்டும். அதனை நிறுவாமற் காலத்தை மட்டும் குறைத்தால் விலை மலிந்த பட்டமே மிஞ்சும்.

அவர் விலகியதையும் நாம் முழுமனத்தோடு போற்ற இயலவில்லை. தன்மானம் மிக்க செயல்தான். ஆனால் அவர் எழுந்த நாற்காலியில் பழைய அளவுகோல் அமர்ந்துகொண்டது. இதே காலத்தில் நம் பெங்களூரில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். திவானாக இருந்தபோது 1917இல் இந்நகரில் பொறியியற் கல்லூரியைத் தோற்றுவித்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா அவர்கள், பட்டக் கல்வி மட்டும் தொழில் நாட்டை உண்டாக்காது என்று கண்டு, கைத்திறனுள்ள மேற்பார்வையாளர்களையும் வினைஞர்களையும் உருவாக்க ஸ்ரீ ஜயசாமராஜேந்திர தொழிற்கல்வி நிலையம் 1943இல் தோன்றப் பாடுபட்டார். இன்று எஸ். ஜே. பாலிடெக்னிக் என்று நாம் அழைப்பது அதுவே. அவர் அரசோடு ஒட்டி நின்று, கோப்புகளைத் தாமே தள்ளிக்கொண்டு போய்க் காரியம் முடித்தவர். நாயுடு அவர்களோ கோப்பைக் கண்டாற் சீறுபவர். இருவேறு இயல்பினர். ஒருவர் கண்ட குறை மற்றவரும் கண்டதே.

கல்லூரியை விட்டபின் நாயுடு கல்வியை விடவில்லை. தம் தொழிற்கூடங்களில் இளைஞர்களுக்குக் கைத்தொழிற் பயிற்சி அளிப்பதைத் தொடர்ந்தார். கோவை நகரில் பின்னாளில் மோட்டாரும் பம்பும் லேத்துப் பொறியும் செய்யும் சிறு பட்டறைகள் தெருவுக்குத் தெரு எழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பைக்காரா மின்சாரம் ஒன்று, பஞ்சாலைகள் ஒன்று, பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்கல்வி ஒன்று. கூடவே நாயுடுவின் கூடங்களும். தொழில் கற்ற பையன் தனிப் பட்டறை வைப்பது அங்கே இயல்பாயிற்று.

நம் குடியிருப்புகளில் உள்ள முதியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையிலும், 1948இல் வந்த தொலைபேசித் தொழிற்சாலையிலும், 1953இல் வந்த எச். எம். டி.யிலும், 1954இல் வந்த பாரத் எலக்ட்ரானிக்சிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து பணியேற்றோர் எத்தனையோ பேர். பயிற்சித் தொழிலாளராய்ச் சேர்ந்து உயர்ந்தோர் அவர்களிற் பலர். பிட்டர் தொழில் பயில வந்தவனிடம் இரும்புத் துண்டு ஒன்றையும் அரத்தையும் கொடுத்து, நான்கு பக்கமும் சதுரமாக அராவச் சொல்வர். அவன் அராவி முடித்ததும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பர். இடுக்கில் ஒளி கசிந்தால் மீண்டும் அராவ வேண்டும். ஒளி கசியாத நாளே தேர்ச்சி நாள். அவன் தமிழனா கன்னடியனா, எந்தப் பள்ளியிற் படித்தான், தகப்பனார் யார் என்பதை அந்த ஒளி கேட்பதில்லை. மொழி தெரியாத ஊருக்கு வந்த நம் முன்னோர் பலரைக் காத்தது இத்தேர்வே. அவர்களே தம் பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறொன்றை நம்ப மறுப்பது விந்தையாகவே இருக்கின்றது.

1961இல் பயிற்சித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1959இல் தலைச்சேரி அருகே நெட்டூரில் சுவிட்சர்லாந்து நாட்டார் உதவியோடு தோன்றிய தொழிற்பயிற்சி நிறுவனம் பின்னர்ப் பெங்களூர்ப் பீனியாவில் காலூன்றியது. கைத்திறனை அளந்து சான்றளிக்கும் வழிகள் இவ்வாறு தொழிற்கல்வியில் ஒருவாறு அமைந்தன. பொதுக்கல்விப் பள்ளிகளிலோ ஆண்டுக் கணக்கே ஆட்சி செய்தது.

அங்கும் மாற்றத்தைத் தொடங்கி வைத்த பெருமை கருநாடகத்துக்கு உண்டு. 1995இல் மைசூர் மாவட்டத்து எக்கடதேவன்கோட்டை வட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென வகுத்த முறையைக் கண்டு வந்து, நலி-கலி என்னும் பெயரால் நடத்தத் தொடங்கினர். ஆடிக் கற்பாய் என்பது அக்கன்னடத் தொடரின் பொருள். பாடம் ஏணிப்படிகளாகப் பகுக்கப்பட்டது. ஒரு படியில் கால் ஊன்றிய குழந்தை அடுத்த படிக்குச் செல்லும். பத்து நாள் வாராதிருந்த குழந்தை விட்ட படியிலிருந்தே தொடரும். 2009-10ஆம் கல்வியாண்டில் இது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என இதே முறை வந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளின் நிலைக்கேற்பப் பாடம் வகுத்தனர். பெயர்கள் அழகியவை. மணலிலிருந்து ஓலைக்குச் சென்ற பழைய ஒழுங்கே பிரம்பை எறிந்துவிட்டுத் திரும்பி வந்ததுபோல் நமக்குத் தோன்றுகின்றது.

இம்முறைகளை நடத்திய தலைமையாசிரியர்கள் பட்ட பாடு சிறிதன்று. ஒரே அறையில் முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நின்றால், மேலே இருந்து பார்வையிட வருபவர் எந்தப் பாடம் நடக்கின்றது என்று கேட்பார்; விடை சொல்ல இயலாது. பாடத்திட்டம் இத்தனை விழுக்காடு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதவும் இயலாது. பக்கத்துத் தனியார் பள்ளியிற் பிள்ளை பாட்டை ஒப்பிக்கின்றான், நம் பிள்ளை அட்டைகளை வைத்து விளையாடுகின்றான் என்று பெற்றோர் வந்து குறைப்படுவர். அரை மனத்தோடு நடத்திய இடங்களில் அட்டைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்து கரையானுக்கு இரையானதும் உண்மை. முழு மனத்தோடு நடத்திய இடங்களிலோ, கடைசி வரிசைப் பிள்ளை என்று ஒருவனும் இல்லாமற் போனான். நடுவணரசின் இடைநிலைக் கல்வி வாரியம் 2024-25ஆம் கல்வியாண்டு முதல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் பாதி வினாக்கள் திறனறி வினாக்களாக அமையும் என்று அறிவித்தது. மறுபாதி பழைய வழியே. தலைமையாசிரியர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வண்டியோட்டுகின்றனர். ஒரு சக்கரம் ஆண்டுக் கணக்கு, ஒரு சக்கரம் ஆற்றற் கணக்கு. அவர்கள்மீது குறை கூறும் முன் நாயுடு அவர்களை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். அவருக்குப் பொருள் இருந்தது, புகழ் இருந்தது, கல்லூரியே அவர் முயற்சியால் வந்தது, அவரால் ஆகவில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு தலைமையாசிரியர் தனியே என்ன செய்வார்? பெற்றோரும் அருகில் நின்றாலன்றி முடியாது.

நாயுடு அவர்களின் பிற்கால வாழ்வில் அரசோடு பிணக்கு ஓயவில்லை. 1952இல் ஈராயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறு மோட்டார் வண்டியை உருவாக்கினார். உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றது. வரிச்சுமையைக் கண்டித்துத் தாம் செய்த கருவிகளைத் தாமே மக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்தார். அவர் சினம் நியாயமானதே என்போரும், உடைத்தது அடாது என்போரும் அந்நாளில் இருந்தனர். உடைந்தவற்றை எண்ணி இன்றும் வருந்துவோர் பக்கமே நாம். வேளாண்மையில் ஆராய்ச்சி, சித்த மருத்துவத்தில் ஈடுபாடு, நிலையான தொழிற் கண்காட்சி என்று அவர் மனம் ஓரிடத்தில் நில்லாது ஓடிக்கொண்டேயிருந்தது.

பெங்களூரில் நம்மிடையே வாழ்ந்து 1970இல் மறைந்த சர் சி. வி. இராமன் அவர்கள் நாயுடுவிடம் பெருமதிப்புக் கொண்டவர். அவரைப் பாராட்டிய இராமன், கருவிகள் படைத்தவர் என்பதை முன்வைக்காமல், சிறந்த கல்வியாளர் என்பதையே முதலிற் குறித்தார். நோபல் பரிசு பெற்ற அறிவியலறிஞர், மூன்றாம் வகுப்பினரைக் கல்வியாளர் என்றது முகமனுக்காக என்று நாம் எண்ணவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் நாயுடு அவர்கள் இயற்கை எய்தினார், அகவை எண்பது. அவர் முதல்வராயிருந்த கல்லூரி பின்னர்த் தடாகம் சாலைக்கு இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகின்றது. பொறியியற் பட்டத்துக்கு அங்கே இன்றும் நான்கு ஆண்டுகளே. பழைய இடத்தில் கல்லூரி இல்லை. ஆனால் அவிநாசி சாலையில் பீளமேட்டை அடுத்த அந்த நிறுத்தத்தை இன்றும் பேருந்து நடத்துநர்கள் ஹோப் காலேஜ் என்றே கூவுகின்றனர். 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்சு வரை பத்துக் கிலோமீட்டர் நீளத்தில் அச்சாலைக்கு மேலே பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர். பெங்களூரிலிருந்து சேலம் வழியாக ஊருக்குச் செல்லும் நம் குடும்பத்தார் கோவை நகருக்குள் அதன்மீது செல்லும்போது, கீழே ஹோப் காலேஜ் கடந்து போகும்.